கூட்டலைப் பாருங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாட்டின் கடன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்பது ஹார்வர்டு பேராசிரியர்களின் கண்டுபிடிப்பு என்று தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் அடித்துச் சொன்னார். உண்மையா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை)

பதில்: பாதிக் கதையைச் சொல்லியிருக்கிறார். கார்மென் ராய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-இல் வெளியிட்ட கட்டுரை அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய 20 வளர்ந்த நாடுகளின் கணக்கை எடுத்தார்கள். கடன் 90 சதவீதத்துக்கு மேல் இருந்த ஆண்டுகளில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று வந்தது. ஐரோப்பா கடன் நெருக்கடியில் திணறிய நேரம். அரசுச் செலவை வெட்ட வேண்டும் என்று ஏற்கெனவே முடிவெடுத்திருந்தவர்கள் இந்த எண்ணைத் தூக்கிப் பிடித்தார்கள். கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகப் பொருத்தம் பார்த்த கதை.

2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. கட்டுரையை எழுதியவர்களிடமே எக்செல் தாளைக் கேட்டு வாங்கினார். சராசரி எடுக்கும் சூத்திரம் ஐந்து வரி முன்னதாகவே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் கணக்கிலேயே சேரவில்லை!

நான் 31 ஆண்டுகள் வங்கியில் குப்பை கொட்டியவன். கணினி வருவதற்கு முன், லெட்ஜர் டேலி ஆகாமல் இரவு பதினோரு மணி வரை விட்டுப்போன வரியைத் தேடிய நாட்கள் உண்டு. ஆகவே அந்த ஐந்து வரிக்காக நான் யாரையும் ஏச மாட்டேன். உண்மையில் அதனால் ஏற்பட்ட வித்தியாசமும் சிறியதுதான். பெரிய வில்லங்கம் வேறிடத்தில் இருந்தது. பிரிட்டன் 19 ஆண்டுகள் அதிகக் கடனோடு இருந்து, சராசரியாக 2.4 சதவீதம் வளர்ந்தது. நியூசிலாந்துக்கோ 1951 என்ற ஒரே ஓர் ஆண்டுதான் கணக்கில் வந்தது. அந்த ஆண்டு மைனஸ் 7.6. அதற்கு முந்தைய அதிகக் கடன் ஆண்டுகள் விடுபட்டிருந்தன. ஆனால் சராசரியில் 19 ஆண்டுக்கும் ஓர் ஆண்டுக்கும் ஒரே எடை. எல்லாவற்றையும் திருத்தியதும் மைனஸ் 0.1 என்பது 2.2 ஆனது.

சூத்திரப் பிழையைக் கட்டுரையாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். எடை போட்ட முறையை விட்டுக்கொடுக்கவில்லை. கடன் ஏறினால் வளர்ச்சி குறைவாகவே இருக்கிறது என்றார்கள். திருத்திய கணக்கிலும் அது ஓரளவு தெரிகிறது. ஆனால் 90-ஐத் தாண்டியதும் பாதாளம் என்பது இல்லை. கடனால் வளர்ச்சி குறைந்ததா, வளர்ச்சி குறைந்ததால் கடன் விகிதம் ஏறியதா என்பது தனி வழக்கு.

கேள்வி: குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் வேலை போகும் என்பது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் மகன். (விசைத்தறி உரிமையாளர், ஈரோடு)

பதில்: புத்தகத்தில் இருப்பது வாஸ்தவம். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது. பக்கத்துப் பென்சில்வேனியாவில் மாற்றமில்லை. டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரு மாநிலங்களிலுமாக 410 துரித உணவுக் கடைகளை, உயர்வுக்கு முன்பும் பின்பும் விசாரித்தார்கள். நியூஜெர்சியில் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. பொருளாதார உலகம் கொதித்துப் போனது. நியூமார்க், வாஷர் என்ற இருவர் கடைகளின் சம்பளப் பதிவேடுகளை வைத்து மறுத்தார்கள். கார்டும் க்ரூகரும் அரசுப் புள்ளிவிவரத்தோடு 2000-இல் திரும்பி வந்தார்கள். கார்டுக்கு 2021-இல் நோபல் கிடைத்தது. க்ரூகர் 2019-இலேயே காலமாகிவிட்டார்.

உங்கள் தறிக்கு எவ்வளவு கூலி தாங்கும் என்று நியூஜெர்சி பர்கர் கடை சொல்லாது. ஆனால் ‘வேலை போயே தீரும்’ என்று உங்கள் மகன் இனி கொஞ்சம் தயங்கித்தான் சொல்ல வேண்டும். தேர்வில் மட்டும் புத்தகத்தில் உள்ளதையே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆய்வு முடிவு வந்த பிறகுதான் அரசு திட்டம் போட வேண்டுமா? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: அப்படிக் காத்திருந்தால் பள்ளிப் பிள்ளைகள் பட்டினிதான். காமராஜர் மதிய உணவைத் தொடங்கியது 1956-இல், எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தது 1982-இல். பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட பெண்கள் தாயானபோது, அவர்களின் பிள்ளைகளிடம் வளர்ச்சிக் குறைபாடு குறைவாக இருக்கிறது என்ற அகில இந்திய ஆய்வு 2021-இல்தான் வந்தது.

கேள்வி: நீங்கள் எந்தப் பொருளாதார நிபுணரை நம்புவீர்கள்? (வாசகர், தென்காசி)

பதில்: கேட்டால் எக்செல் தாளை அனுப்பிவைப்பவரை. அந்த வகையில் ராய்ன்ஹார்ட்டுக்கும் ரோகாஃபுக்கும் ஒரு வணக்கம்.