இருபது தம்பதிகளின் தாள்களை நாற்பது என்று எண்ணலாமா?

கேள்வி: தம்பதியர், குடும்ப ஆலோசகராக ஆறு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். இப்போது ஆய்வுப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். பள்ளியோடு கணக்கை விட்டவள். இருபது தம்பதிகள் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நிரப்பித் தந்த வினாத்தாள்கள் கையில் இருக்கின்றன. நாற்பது பேரின் மதிப்பெண்களையும் எக்செலில் ஏற்றி டி-சோதனை செய்யலாமா? அளவுசார் ஆய்வு முறைகளைக் கற்க எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அப்படிச் செய்ய வேண்டாம். ஏன் கூடாது என்பது புரிந்துவிட்டால், குடும்ப ஆய்வுக்கான புள்ளியியலில் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

கணவரின் தாளும் மனைவியின் தாளும் ஒரே வீட்டிலிருந்து வருகின்றன. அன்று காலை நடந்த சண்டை இரண்டிலும் பதிந்திருக்கும். இரண்டு சராசரிகளுக்கு இடையிலான வேறுபாடு தற்செயலானதா என்று பார்க்கும் சாதாரண டி-சோதனைக்கு இது தெரியாது. ஒவ்வொரு விடையும் மற்றதோடு தொடர்பில்லாமல் வந்தது என்று எடுத்துக்கொண்டே அது கணக்கிடும். முன்னுக்கும் பின்னுக்கும் இடையே ஒவ்வொருவரின் மதிப்பெண் எவ்வளவு மாறியது என்று பாருங்கள். தம்பதிக்குள் இந்த மாற்றங்களின் ஒட்டுறவு, அதாவது இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு, 0.5 என்று வையுங்கள். அதை ஒன்றோடு கூட்டினால் 1.5. 40-ஐ 1.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 27. நாற்பது தாள் இருந்தும் இருபத்தேழு பேருக்கான தகவல்தான் உங்களிடம் இருக்கிறது. நாற்பது என்று எண்ணினால், இல்லாத உறுதியைச் சோதனை காட்டிவிடும்.

அப்படியானால் இருவரின் சராசரியை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கிரஹாம் ஸ்பேனியர் 1976-இல் வெளியிட்ட தம்பதியர் இணக்க அளவுகோலில் 32 கேள்விகள். மொத்த மதிப்பெண் 0 முதல் 151 வரை. ஒரு வீட்டில் கணவர் 112, மனைவி 84. இன்னொரு வீட்டில் இருவருமே 98. சராசரி இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். ஆனால் முதல் வீட்டில் ஒருவருக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது, மற்றவருக்கு மூச்சு முட்டுகிறது. அந்த 28 மதிப்பெண் இடைவெளிதான் அமர்வில் நீங்கள் நேரில் பார்ப்பது. சராசரி அதை விழுங்கிவிடும்.

ஆகவே மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு தாளில் அட்டவணை வரையுங்கள். ஒரு தம்பதிக்கு ஒரு வரிசை. கணவர் முன், கணவர் பின், மனைவி முன், மனைவி பின் என நான்கு நிரல்கள். பிறகு அதையே ஒரு நபருக்கு ஒரு வரிசையாக மாற்றி, தம்பதி எண்ணுக்கு ஒரு நிரல் சேர்த்து எழுதுங்கள். இந்த இரண்டு வடிவங்களும் கைக்கு வந்தால், பின்னால் நபர், தம்பதி என இரண்டு நிலைகளையும் சேர்த்துக் கணக்கிடும் பலநிலை மாதிரிகளைப் படிக்கும்போது திணற மாட்டீர்கள்.

படிக்கும் வரிசை: திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பது), ஒட்டுறவு, தொடர்புப் போக்கு (ஒன்றை வைத்து மற்றொன்றைக் கணிப்பது), பலநிலை மாதிரி. அதற்குப் பிறகு, ஒருவரின் நிலை தன்னையும் துணையையும் எப்படிப் பாதிக்கிறது என்று பிரித்துக் காட்டும் டேவிட் கென்னியின் மாதிரி. திட்ட விலக்கத்தை ஒரு முறையாவது கையால் போட்டுப் பாருங்கள். மற்றவற்றை ஜமோவி போன்ற இலவச மென்பொருள் பார்த்துக்கொள்ளும். சூத்திரங்களை மனப்பாடம் செய்து மாதங்களை வீணாக்காதீர்கள்.

சிகிச்சையாளர்கள் முதலில் கற்க வேண்டியது என்று நான் வற்புறுத்துவது, ஜேக்கப்சனும் ட்ரூவாக்ஸும் 1991-இல் விளக்கிய நம்பகமான மாற்றக் குறியீடு. ஒருவரின் மதிப்பெண் 88-லிருந்து 95-க்கு ஏறியதும் மகிழ்கிறோம். அளவுகோலின் திட்ட விலக்கம் 18, நம்பகத்தன்மை (பிழையின்றி அளக்கும் திறன், முழுமையானால் 1) 0.96 என்று கொள்வோம். 1-லிருந்து 0.96-ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 0.2. அதை 18-ஆல் பெருக்கினால் அளவீட்டுப் பிழை 3.6. முன்னும் பின்னும் இரு முறை அளப்பதால் இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்க 5.1, அதை 1.96-ஆல் பெருக்கினால் 10. எனவே அந்த ஏழு மதிப்பெண் ஏற்றம் அளவுகோலின் தடுமாற்றமாகவே இருக்கலாம். பத்தைத் தாண்டினால் துணிந்து பேசலாம்.

அப்போதும் சிகிச்சையால்தான் மாறியது என்று சொல்லிவிட முடியாது. உறவு மிக மோசமான வாரத்தில்தான் மக்கள் உதவி தேடி வருகிறார்கள். ஒன்றும் செய்யாவிட்டாலும் அந்த மதிப்பெண் ஓரளவு தானே ஏறும். இதைப் பிரித்தறிய ஒப்பீட்டுக் குழு வேண்டும். அரைத் திட்ட விலக்க அளவு வேறுபாட்டை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க ஒவ்வொரு குழுவுக்கும் 64 தம்பதிகள் தேவை. உங்கள் இருபதை முன்னோட்ட ஆய்வு என்றே எழுதுங்கள். அதில் குறைவேதும் இல்லை. கணவருக்கு ஒரு கோடு, மனைவிக்கு ஒரு கோடு என ஒவ்வொரு வீட்டின் முன்-பின் மாற்றத்தையும் வரைந்து காட்டுங்கள். நெறியாளர் முதலில் கேட்க வேண்டியது அந்தப் படத்தைத்தான்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை. இந்த இருபது தம்பதிகளும் இரண்டு முறையும் தாள் தந்தவர்கள். தொடங்கியவர்கள் எத்தனை தம்பதிகள்? இடையில் நின்றவர்களின் முதல் தாள்கள் உங்கள் அலமாரியில் இருக்கும். அவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.