கோயிலுக்குள் விடாத பெட்டி – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

என் தம்பி போன வருஷம் தற்கொலை செய்துகொண்டான். வாலிபர் சங்கத்தில் ஓடியாடி வேலை செய்தவன், ஞாயிறு பள்ளி நடத்தியவன். கடன், பிறகு தூக்கமில்லாமை, பிறகு யாரிடமும் பேச்சில்லை. முந்தின நாள் ராத்திரி எனக்கு போன் செய்தான். பிள்ளைக்கு மறுநாள் பரீட்சை என்று நான் எடுக்கவில்லை. சவப்பெட்டியைக் கோயிலுக்குள் கொண்டுவரக் கூடாது என்று சபையில் சொல்லிவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஒரு சின்ன ஜெபத்தோடு முடித்தோம். மூப்பர் ஒருவர் துக்க வீட்டிலேயே 1 கொரிந்தியர் 3:17-ஐ வாசித்து, "கடைசிப் பாவத்துக்கு மனந்திரும்ப நேரமில்லை, இரட்சிப்பும் இல்லை" என்றார். அதற்குப் பிறகு அம்மா வேதத்தைத் திறப்பதே இல்லை. அடுத்த மாதம் முதலாம் வருஷம் வருகிறது. நினைவு ஆராதனை வைக்கலாமா? அவன் நரகத்தில்தான் இருக்கிறானா? சில ராத்திரி நானும் அவனிடமே போய்விடலாமா என்று தோன்றுகிறது.

பெயர் வேண்டாம்,
திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணம் வருவதை இன்றைக்கே உங்கள் கணவரிடமோ, நம்பிக்கையான வேறொருவரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416, அரசின் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண். இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். தற்கொலையில் ஒருவரை இழந்த வீட்டில் மிஞ்சியவர்களுக்கு இந்த எண்ணம் வருவதுண்டு. இது விசுவாசக் குறைவு அல்ல. "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்ட எலியா தீர்க்கதரிசிக்கு ஆண்டவர் அனுப்பியது தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டபோதும் தூதன் கடிந்துகொள்ளவில்லை, மறுபடி சாப்பிடத்தான் எழுப்பினான். பேச்செல்லாம் பிறகுதான். மாத்திரையும் தூக்கமும் ஜெபத்துக்கு எதிரி என்று யாராவது சொன்னால் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள்.

இனி அந்த போன். எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாதக்கணக்கில் தூங்காமல் நோயில் கிடந்த ஒருவனின் மரணத்தை ஒரு ராத்திரியின் ஒரு அழைப்பில் கொண்டுபோய்க் கட்ட முடியாது. பிள்ளையைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தது பாவ அறிக்கையில் சேர்க்கிற காரியம் இல்லை. எத்தனை முறை மன்னிப்புக் கேட்டும் மனசு ஆறவில்லை என்றால், அங்கே மன்னிக்க வேண்டிய குற்றமே இல்லாமல் இருக்கலாம். இருப்பது துக்கம்தான். துக்கத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

மூப்பர் வாசித்த வசனம், "ஒருவன் தேவனுடைய ஆலயத்தைக் கெடுத்தால்" என்பது. அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசியுங்கள். நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கட்சி கட்டி கொரிந்து சபையை உடைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு எழுதியது அது. தற்கொலை அங்கே பேச்சே இல்லை. நம் ஊரில் சபைத் தேர்தல் நேரத்தில் வாசிக்க வேண்டிய வசனத்தைத் துக்க வீட்டில் வாசித்திருக்கிறார்.

மனந்திரும்ப நேரமில்லை என்கிற வாதமும் நிற்காது. மனைவியிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் விழுகிறவருக்கு நேரம் இருந்ததா? கடைசி நிமிஷத்தின் கணக்கைத் தீர்த்தால்தான் இரட்சிப்பு என்றால் சிலுவைக்கு என்ன வேலை? தற்கொலை பாவமல்ல என்று சொல்லவில்லை. உயிர் நாம் கொடுத்தது அல்ல, எடுக்கவும் உரிமை இல்லை என்று சபை சொல்வது சரி. ஆனால் அது மன்னிக்கப்படாத பாவம் என்று வேதத்தில் எந்த இடத்திலும் இல்லை. இஸ்ரவேலின் முதல் ராஜா சவுல் தன் பட்டயத்தின் மேலேயே விழுந்து செத்தான். யாபேஸ் கீலேயாத் ஊரார் இரவெல்லாம் நடந்துபோய் உடலை எடுத்துவந்து, எலும்புகளை அடக்கம் செய்து, ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள். தாவீது அவர்களுக்கு ஆசீர்வாதம் சொல்லி அனுப்பினான். தூக்குப்போட்டுச் செத்த தாவீதின் ஆலோசகன் அகித்தோப்பேலையும் அவன் தகப்பன் கல்லறையில்தான் வைத்தார்கள். யாரும் வாசலில் நிறுத்தவில்லை.

வாசலில் நிறுத்துவது பிற்பாடு வந்தது. ஆறாம் நூற்றாண்டில், இன்றைய போர்ச்சுகலில் உள்ள பிராகாவில் கூடிய ஆயர் மன்றம், தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்தது. 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில், இந்த அடக்க முறையைத் தன்னைத்தானே மாய்த்துக்கொண்டவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு குறிப்பு உண்டு. திருநெல்வேலிக்கு ஆங்கிலிக்கன் மிஷனரிகள் கொண்டுவந்த முறைமை அந்தப் புத்தகத்தினுடையது. உங்கள் தம்பியின் பெட்டியைத் தடுத்ததில் பவுலைவிட அந்தக் குறிப்புக்குத்தான் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன். தற்கொலைக்கு எதிராக மிகக் கடுமையாக எழுதிய ஆதிச் சபையின் போதகர் அகஸ்டினே, 410-இல் ரோம் சூறையாடப்பட்டபோது மானத்துக்கு அஞ்சி உயிரை விட்ட பெண்களைப் பற்றி, மனிதத்தன்மை உள்ள எவன் இவர்களை மன்னிக்க மறுப்பான் என்று கேட்டார். சீர்திருத்த சபையைத் தொடங்கிவைத்த லூத்தர், இப்படிச் செத்தவர்களை நிச்சயமாக நரகத்துக்குத் தீர்க்க முடியாது, காட்டில் கள்ளன் கையில் அகப்பட்டுக் கொலையுண்டவனைப் போன்றவர்கள் அவர்கள் என்றார். ஆனால் இதைப் பொதுமக்களுக்குப் போதிக்கத் தயங்கினார்; அந்தத் தயக்கம் எனக்கும் புரிகிறது. கத்தோலிக்க சபை 1983-இன் சட்டத் தொகுப்பில் அடக்கத் தடையை எடுத்துவிட்டது. 1992-இன் மறைக்கல்வி நூல், இப்படி இறந்தவர்களின் நித்திய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்கிறது. நாட்டுச் சட்டம்கூட 2017-இல் இரங்கிவிட்டது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன நெருக்கடியில் இருந்தவராகத்தான் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

உங்கள் அம்மாவுக்கு 'இம்மானுவேலின் இரத்தத்தால்' மனப்பாடமாக இருக்கும். ஆங்கிலத்தில் அதை எழுதியவர் வில்லியம் கூப்பர். 1763-இல் தற்கொலைக்கு முயன்று மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டவர். அங்கேதான் ரோமர் 3:25-ஐ வாசித்து மனம் தெளிந்தார். சாட்சி சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். கதை அதோடு முடியவில்லை. 1773-இல் நோய் திரும்பியது. தேவன் தன்னை நிரந்தரமாகத் தள்ளிவிட்டார் என்று ஒரு கனவில் கேட்டதாக நம்பினார், மறுபடியும் சாக முயன்றார். 1800-இல் இயற்கையாக இறக்கும்வரை, 27 வருஷம், கோயிலுக்குள் அவர் காலெடுத்து வைக்கவில்லை. எல்லாப் பாவமும் கழுவப்படும் என்று ஊரெல்லாம் அவர் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. எழுதியவர் தனக்கு மட்டும் அது இல்லை என்று உட்கார்ந்திருந்தார்.

எந்த மூப்பராவது அவரை அவிசுவாசி என்பாரா? அவர் தன்னைப் பற்றி நம்பியது நோயின் குரல். தேவனின் தீர்ப்பு அல்ல. இங்கிலாந்தில் அவர் இருந்த ஓல்னி ஊரின் குருவானவர் ஜான் நியூட்டன் 1773-இல் அவரைத் தன் வீட்டிலேயே ஓராண்டுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். மேரி அன்வின் என்கிற விதவை அம்மையார் பல வருஷம் பார்த்துக்கொண்டார். கூப்பரால் விசுவாசிக்க முடியாத வருஷங்களில் அவருக்காக விசுவாசித்தவர்கள் இவர்கள். பிலிப்பி சிறையில் தன்னைக் கொலைசெய்துகொள்ளப் போன காவலனைப் பார்த்துப் பவுல் முதலில் கூப்பிட்டுச் சொன்னதும், "நீ உனக்குக் கெடுதி ஒன்றும் செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்" என்பதுதான். இரட்சிக்கப்பட என்ன செய்ய வேண்டும் என்று அவன் கேட்டதே அதற்குப் பிறகு. உங்கள் தம்பிக்கு அப்படிச் சொல்ல ஒரு சபை இருந்திருக்க வேண்டும். கடன்காரர் வாசலில் நின்றபோது வராத மூப்பர் சாவு வீட்டுக்கு வேதத்தோடு வந்தார் என்றால் என் கோபம் அவர்மேல்தான்.

தம்பி எங்கே இருக்கிறான் என்று கேட்டீர்கள். தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை, மூப்பரும் இல்லை. கிறிஸ்துவின் அன்பைவிட்டுப் பிரிக்க முடியாதவை என்று பவுல் போடும் பட்டியலில் முதலில் வருவது மரணம். இன்ன விதமான மரணம் நீங்கலாக என்று அவர் எழுதவில்லை. நான் அதை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

ஆராதனை வையுங்கள். சபைக் குருவானவரான ஐயரிடம் நேரில் போய்க் கேளுங்கள். போன வருஷம் செய்ததற்காக வருந்திக்கொண்டிருக்கவும் கூடும். மறுத்தால் வீட்டில் நடத்துங்கள். வேதத்தைத் திறக்கச் சொல்லி அம்மாவை வற்புறுத்த வேண்டாம். நீங்கள் 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள், அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும். ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் முடிகிற சங்கீதம், அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. பிறகு தம்பி ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளைப் பாடச் சொல்லுங்கள். அந்த மூப்பரை அழைப்பதா என்பது உங்கள் விருப்பம். நானாக இருந்தால் அழைப்பேன், பேச விடமாட்டேன்.

மருத்துவரைப் பார்த்த பிறகு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்