ஒரு டிவி, ஒரு டேப்லெட், இரண்டு வகுப்பு: என்ன செய்யலாம்?

கேள்வி: குமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் மலையோர அரசு தொடக்கப் பள்ளி ஒன்றில் நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் சேர்த்து நடத்துகிறேன். வகுப்பில் ஒரு ஸ்மார்ட் டிவி, என் கையில் ஒரு டேப்லெட். மழை பெய்தால் கரண்டும் போகும், நெட்டும் போகும். வீடியோ போட்டால் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். மறுநாள் கேட்டால் ஒன்றும் நினைவில்லை. வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினால் பாதிப் பேர் பார்ப்பதே இல்லை. காசு கட்டி ஒரு செயலி வாங்கலாமா என்றும் பேச்சு இருக்கிறது. எதைத்தான் பயன்படுத்துவது?

பதில்:

டீச்சர், எந்தச் செயலி என்பதை அப்புறம் பார்ப்போம். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. வீடியோ ஓடுகிற நேரம் முழுக்க அவர்களுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. ஒன்பது வயதில் கையும் வாயும் சும்மா இருந்தால் பாடம் மனதில் நிற்காது. மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை திரையை நிறுத்துங்கள். அந்த இடைவெளியில் பிள்ளை எதையாவது சொல்லவோ எழுதவோ மடக்கவோ வேண்டும். எதை எடுத்தாலும் இந்த ஒரு பழக்கத்தை விடாதீர்கள்.

பின்னத்தையே எடுத்துக்கொள்வோம். உங்கள் பிள்ளைகள் கடையில் கால் கிலோ சீனி வாங்கியவர்கள்தான். ஆனாலும் கரும்பலகையில் 1/3, 1/4 என்று எழுதி எது பெரியது என்று கேட்டால் பலரும் 1/4 என்பார்கள். மூன்றைவிட நான்கு பெரியது என்பது அவர்கள் கணக்கு. இந்தத் தப்பை அசைக்க ஃபெட் (PhET) என்ற இலவசத் தளத்தில், திரையில் நாமே இயக்கிப் பார்க்கும் பின்ன மாதிரி ஒன்று இருக்கிறது. இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய தளம் அது. கீழ் எண்ணைக் கூட்டக் கூட்ட, ஒவ்வொரு துண்டும் சிறுத்துக்கொண்டே போவது கண்ணெதிரே தெரியும்.

ஆனால் நேராக டிவியைப் போடாதீர்கள். முதலில் பழைய நோட்டுத் தாளில் ஒரே நீளமான பட்டைகள் வெட்டிக் கொடுத்து, ஒன்றை இரண்டாகவும் மற்றொன்றை நான்காகவும் மடக்கச் சொல்லுங்கள். மூன்றாக மடக்குவதில் தடுமாறுவார்கள்; தடுமாறட்டும், சம பாகம் என்றால் என்ன என்று அப்போதுதான் கைக்குப் பிடிபடும். பிறகு திரையில் நான்கைக் காட்டி, "ஐந்தாக்கினால் துண்டு பெரிதாகுமா, சிறிதாகுமா?" என்று கேளுங்கள். எல்லோரும் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டிய பிறகுதான் பட்டனைத் தொட வேண்டும். தப்பாக எழுதியவர்கள் அழிக்க வேண்டாம். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே திரையைப் பார்க்கட்டும். சரியாக எழுதிய பிள்ளையிடமும் ஏன் என்று கேளுங்கள். குருட்டுவாக்கில் சரியானது அப்போது தெரிந்துவிடும்.

பதினைந்து நிமிடம் போதும், டிவியை அணைத்துவிட்டு ஒரு சீப்பு மட்டிப் பழத்தை மேசையில் வையுங்கள். பன்னிரண்டு பழத்தில் கால் பங்கு எத்தனை? திரையில் கேக்கை வெட்டத் தெரிந்த பிள்ளை இங்கே திணறலாம். திணறினால் பாடம் இன்னும் முடியவில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் ஐந்தாம் வகுப்பை என்ன செய்வது? எதிர்ச் சுவரைப் பார்க்க உட்காரவைத்து எழுத்து வேலை கொடுங்கள். இந்த மாதிரிக்குச் சத்தம் தேவையில்லை, டிவியை ஊமையாக்கிவிடலாம். இரட்டை வகுப்பில் சத்தமில்லாத கருவிகளையே முதலில் தேடுங்கள் என்பேன்.

வாசிப்புக்கு பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் (StoryWeaver) என்ற கதைத் தளம். தமிழ்க் கதைகள் நிலை வாரியாக இருக்கின்றன, தரவிறக்கவும் அச்சிடவும் தடையில்லை. கதையை டிவியில் விரித்து, பிள்ளைகளையே வாசிக்க வையுங்கள். கடைசிப் பக்கத்துக்கு முன் நிறுத்தி, முடிவை அவர்களே சொல்லட்டும்.

பிள்ளை வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் செயலிகளும் உண்டு. அவற்றை நம் பக்கத்தில் கொஞ்சம் கவனத்தோடுதான் பயன்படுத்த வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பேச்சு வேறு. வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகளும் இருப்பார்கள். சரியாக வாசித்ததையும் செயலி தப்பு என்று சொல்லலாம். இரண்டு முறை அப்படி ஆனால் கூச்சப்படும் பிள்ளை மூன்றாம் முறை வாயே திறக்காது. அது தரும் நட்சத்திரத்தை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்காதீர்கள். தொடக்க நிலையான அரும்பில் இருக்கும் பிள்ளையின் வாசிப்பை நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அந்த இடத்தை எந்தக் கருவிக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

யாருக்குப் புரிந்தது என்று சட்டென்று பார்க்க பிளிக்கர்ஸ் (Plickers) என்ற செயலி நல்லது. பிள்ளைக்கு ஓர் அச்சிட்ட அட்டை, அவ்வளவுதான். விடைக்கு ஏற்ப அட்டையைத் திருப்பிப் பிடிப்பார்கள், நீங்கள் டேப்லெட் கேமராவால் வகுப்பை ஒரு சுற்று காட்டினால் யார் என்ன சொன்னார் என்று வந்துவிடும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுவதும் குறையும், ஏனென்றால் அட்டைக்கு அட்டை வடிவம் மாறும்.

நெட் விஷயம். நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. வகுப்பில் நெட் இருக்காது என்று வைத்தே திட்டமிடுங்கள். பாடப்புத்தகத்தின் க்யூஆர் குறியீட்டைத் திறக்கும் தீக்ஷா செயலியில் பாடங்களைச் சேமித்துவைக்கலாம், ஃபெட் மாதிரிகளையும் கோப்பாக இறக்கலாம். குலசேகரமோ தக்கலையோ போகும்போது சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் அடுத்த வாரத்துக்கு வேண்டியதை இறக்கிவிடுங்கள். திரை வேலையைக் காலையிலேயே முடித்துக்கொண்டால் மதிய இடிமழைக்குப் பயப்பட வேண்டாம்.

வாட்ஸ்அப் லிங்கை நிறுத்திவிடலாம். ரப்பர் பால்வெட்டுக்கோ கடலுக்கோ போகிற அப்பாவின் கையில்தான் பல வீடுகளில் போன் இருக்கும். பிள்ளைக்குக் கிடைப்பது ராத்திரி, அதுவும் பத்து நிமிடம். வீட்டு வேலை போன் இல்லாமல் முடிவதாக இருக்கட்டும். பெற்றோருக்கு ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் போதும்: "இன்றைக்குப் பாதி, கால் படித்தோம். வீட்டில் மரச்சீனிக் கிழங்கு வெட்டும்போது பிள்ளையிடம் கேளுங்கள்." எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது புரியும்.

இன்னொன்று, பிள்ளைகளின் முழுப் பெயர், பிறந்த தேதி, படம் போட்டு எந்தத் தளத்திலும் கணக்கு தொடங்காதீர்கள். வரிசை எண் போதும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைக் கையாள பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. வகுப்புப் படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதையும் தவிர்க்கலாம்.

காசு கட்டும் செயலி இப்போதைக்கு வேண்டாம். நான் சொன்னவற்றை இலவசமாகவே தொடங்கலாம். ஒரு பருவம் பின்னத்தையும் வாசிப்பையும் மட்டும் இப்படி நடத்துங்கள். தலைமையாசிரியரிடம் காட்ட, பருவத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையும் வாசித்ததை ஒரு நிமிடம் டேப்லெட்டில் பதிவு செய்துவைத்து, கடைசியில் அதே பத்தியை மறுபடி வாசிக்க வைத்துப் பதியுங்கள். அப்புறமும் ஏதாவது குறை தெரிந்தால், அந்தக் குறைக்கு என்று ஒரு செயலியைத் தேடுங்கள். வாங்குவதற்கு முன் நெட்டை அணைத்துவிட்டு அது ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.