கவுன்சிலிங் வேண்டாம் என்பவர் உதவியே வேண்டாம் என்கிறாரா?

கேள்வி: கனடாவின் வின்னிப்பெக்கில் என்னோடு வேலை செய்யும் பூர்வகுடிப் பெண்ணின் தங்கை கொலை செய்யப்பட்டவர். இவருக்கும் வீட்டில் அடி உதை இருந்திருக்கிறது. கவுன்சிலிங் போகச் சொன்னால் மறுக்கிறார். நான் எப்படி உதவலாம்?

நானும் இதே ஊரில்தான், ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்த கிறீ என்ற பூர்வகுடி இனத்துத் தோழி ஒருவருக்கு நானும் முதலில் கவுன்சிலிங் என்றுதான் சொன்னேன். அவ ஒன்றும் பேசாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போய்விட்டா. ஏன் என்று எனக்கு விளங்க இரண்டு வருடம் ஆயிற்று.

வீட்டில் அடிக்கிறார் என்று வாய் திறந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் அது. வீண் பயம் இல்லை. எங்கள் மாகாணமான மனிட்டோபாவில் அரசின் பொறுப்பில் வளரும் பிள்ளைகளில் சுமார் 90 விழுக்காட்டினர் பூர்வகுடிப் பிள்ளைகள். கர்ப்பிணியைப் பற்றி ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே எச்சரிக்கை அனுப்பி, பிறந்த கையோடு குழந்தையைப் பிரிப்பதற்கு வழிவிட்ட நடைமுறை இந்த மாகாணத்தில் 2020 ஜூலையில்தான் நின்றது. அதற்கு முந்தைய தலைமுறைகளை, பூர்வகுடிப் பிள்ளைகளைக் கட்டாயமாகத் தங்கவைத்த வதிவிடப் பள்ளிகள் தாய்மாரிடமிருந்து பறித்தன. ஃபைலும் பேனையுமாக ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தால் அவர்களுக்கு ஞாபகம் வருவது இதெல்லாம்தான்.

ஆனால் அவர்களிடம் ஆதரவு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2014 ஓகஸ்டில் டீனா ஃபொன்டெயின் என்ற பதினைந்து வயதுப் பூர்வகுடிப் பிள்ளையின் உடலை இந்த ஊரின் ரெட் நதியிலிருந்து எடுத்தார்கள். அடுத்த சில வாரங்களில் சாதாரண சனம் படகுகளில் ஏறி, கயிற்றில் கொக்கி கட்டி, அந்த நதியின் அடியைத் துழாவத் தொடங்கியது. காணாமல் போன தங்கள் சொந்தங்களையும் தேடினார்கள், மற்றவர்களுடைய பிள்ளைகளையும் தேடினார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பெர்னடெட் ஸ்மித்தின் சகோதரி 2008-இலிருந்து காணவில்லை. 1992-இல் உருவாகி நின்றுபோயிருந்த 'பேர் கிளான்' (Bear Clan, கரடிக் குலம்) என்ற ரோந்துக் குழுவும் டீனாவின் சாவுக்குப் பிறகு மறுபடி இந்த ஊரின் நோர்த் எண்ட் பகுதித் தெருக்களில் இரவில் நடக்கத் தொடங்கியது. அவர்கள் ஆயுதம் கொண்டுபோவதில்லை.

தேடுவதும் காவல் நடப்பதும் ஆறுதலோடு சேர்ந்ததா என்று நீங்கள் கேட்கலாம். என் பெரியம்மாவின் மகன் 2009-இல் முள்ளிவாய்க்காலில் சரணடைந்தவன், இன்றுவரை தகவல் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் தாய்மார் போராட்டம் தொடங்கியபோது பெரியம்மாவும் போய் உட்கார்ந்தா. "கொட்டிலுக்குப் போய் வந்தால்தான் மோனை எனக்கு நித்திரை வருது" என்று தொலைபேசியில் சொன்னா. இதைத் தோழிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அன்றைக்குத்தான் அவ தன் தங்கையின் படத்தை எனக்குக் காட்டினா.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னா. கா நி கனிச்சிஹ்க் என்ற அமைப்பில், காணாமல் போன, கொல்லப்பட்ட பெண்களின் குடும்பங்களுக்கென்று தனியாக ஆதரவுப் பணி இருக்கிறது. அங்கே மூத்தவர்கள், அவர்கள் எல்டர் என்று சொல்பவர்கள், இருக்கிறார்கள். ஒரு மூத்தவரிடம் உதவி கேட்பதென்றால் முதலில் புகையிலையைக் கையில் கொடுத்துக் கேட்பது முறை. சேஜ் என்ற மூலிகை இலையைக் கொளுத்தி, அதன் புகையைக் கைகளால் அள்ளித் தலையிலும் கண்ணிலும் நெஞ்சிலும் தடவிக்கொள்வார்கள். பிறகு வட்டமாக இருந்து ஒவ்வொருவராகப் பேசுவார்கள். பேச மனமில்லாதவர் அடுத்தவருக்கு விட்டுவிடலாம். யாரும் குறிப்பு எடுப்பதில்லை. கண்ணீர் துடைத்த கடதாசியைக் கூடக் குப்பையில் போடாமல் சேர்த்து வைத்துப் புனித நெருப்பில் இடுவதும் உண்டு. நாடு முழுக்கப் போய் வாக்குமூலம் கேட்டு 2019-இல் 231 கோரிக்கைகளோடு அறிக்கை தந்த, காணாமல் போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களைப் பற்றிய தேசிய விசாரணையிலும் இந்த வழக்கம் இருந்தது. கண்ணீருக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் வாயடைத்துப் போனேன்.

இந்த ஊரில் கொலை செய்யப்பட்ட பூர்வகுடிப் பெண்கள் மோர்கன் ஹாரிஸ், மார்செடிஸ் மைரன் இருவரின் உடல்களும் ப்ரெய்ரி கிரீன் குப்பைமேட்டில் கிடக்கலாம் என்று தெரிந்தும், தேடமாட்டோம் என்று 2022 டிசம்பரில் காவல்துறை சொன்னது. அன்றைய மாகாண அரசும் கைவிரித்தது. மகள்மாரும் உறவுகளும் முகாம் போட்டார்கள், நெருப்பு வளர்த்தார்கள், விடவே இல்லை. அரசு மாறி, தேடல் தொடங்கி, 2025 மார்ச்சில் இருவரும் அடையாளம் காணப்பட்டார்கள். அந்த நாட்களில் என் தோழி சரியாகச் சாப்பிடவில்லை. உங்கள் தோழிக்கும் இப்படியான செய்திகள் வரும் நாட்கள் கனமாக இருக்கும், கவனித்துப் பாருங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது சின்னச் சின்ன விஷயங்கள். கார் இருந்தால் கூட்டத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள். வெளியில் காத்திருங்கள், கூப்பிட்டால் மட்டும் உள்ளே போங்கள், உள்ளே கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். அவர் வட்டத்தில் இருக்கும் நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படும். தங்கையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அந்தப் பெயரைச் சொல்லியே பேசுங்கள். இப்போதும் யாராவது அடிக்கிறார் என்றால் அது வேறு: அவருக்குத் தெரியாமல் நீங்களாக எங்கும் அறிவிக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்று கண்டால் மட்டும் 911. மற்றபடி பூர்வகுடிகளுக்கென்று 24 மணி நேர உதவி இணைப்பு இருக்கிறது. கிறீ, ஒஜிப்வே மொழிகளிலும் பேசலாம், தொடர்புகொள்வதா என்பது அவர் முடிவு.

மே 5 சிவப்பு ஆடை நாள். வீடு திரும்பி வராத பெண்களுக்காக வெறும் சிவப்பு உடுப்புகளை மரங்களில் தொங்கவிடுவார்கள், ஊர்வலம் போவார்கள். அன்றைய ஷிப்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஏப்ரலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். லீவு கேட்டு மேலாளருக்குக் காரணம் விளக்கிக்கொண்டு நிற்கத் தேவையிருக்காது.