ஓவியக்காரிக்கு எந்த உடை?

தங்கச்சி, கல்யாணமாகி மலேசியாவுக்கு, இந்த சுங்கை சிப்புட்டுக்கு வந்து மூன்று மாசம் ஆகிறது, கைத்தறிச் சேலையோடு பாசாருக்குப் போனால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், உடையை மாற்றினால் என் ஓவியமும் மாறிவிடுமா என்று கேட்டிருந்தீங்க. இருபத்திரண்டு வருஷமாக இதே ஊரில் ரவிக்கை தைக்கிறவள் நான். தையல்காரிக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அவர்கள் குறை சொல்லப் பார்க்கவில்லை. இங்கே சேலை என்றால் கோயில், கல்யாணம், தீபாவளி. சாதாரண நாளில் மீன் வாங்க ஒருத்தி சேலையில் வந்தால், வீட்டில் என்ன விசேஷம் என்றுதான் நினைப்பார்கள். போகப் போகப் பழகிவிடும். பட்டுச்சேலையை மட்டும் பெட்டியில் பூட்டி வைக்காதீங்க. முதல் வருஷம் நான் அப்படி வைத்துத் திறந்தபோது மடிப்புக்கு மடிப்பு பூஞ்சை. அன்று முழுக்க அழுதேன்.

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ உங்களுக்குத் தெரிந்தவர்தான். தலையில் பூ, கழுத்தில் கல்மாலை, அலங்காரப் பிரியை என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு முதலில் கண்ணில் படுவது அவர் உடையின் வெட்டு. ஆறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப்போனது. 1925இல் பஸ் விபத்தில் முதுகெலும்பு முறிந்தது. மெக்சிகோவின் தெவாந்தெபெக் பகுதிப் பெண்கள் உடுத்தும் நீளப் பாவாடை அந்தக் காலை மறைத்தது. வீபில் என்கிற மேல்சட்டை நேர்வெட்டுத் துணி. இடுப்புப் பிடிப்பு கிடையாது. உள்ளே மாவுக்கட்டு இருந்தாலும் தலைவழியாகப் போட்டுக்கொள்ளலாம். அந்த மாவுக்கட்டின் மேலேயே படமும் வரைந்தார். 1953இல் காலை எடுத்த பிறகு, செயற்கைக் காலுக்குப் பூவேலை செய்த சிவப்புப் பூட்ஸ்! வலி எங்கே இருந்ததோ அங்கேதான் நிறத்தையும் வைத்தார்.

விவாகரத்துக்குப் பிறகு, 1940இல், முடியை வெட்டிப்போட்டு ஆண்களின் கோட்டுசூட்டில் தன்னை வரைந்தார். 1933இல் அமெரிக்காவில் வரைந்த ஒரு படத்தை நீங்க அவசியம் பார்க்கணும். உயரக் கட்டடங்களுக்கு நடுவே கொடியில் அவருடைய உடை மட்டும் தொங்கும், ஆள் இருக்க மாட்டார். ஊரை விட்டு வந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டாம்.

என் மாமியார் தோட்டத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். மாமாவின் பழைய முழுக்கைச் சட்டை, கைலி, தலையில் துண்டு, இதுதான் வேலை உடை. கொசுவுக்கும் முள்ளுக்கும் முழுக்கை. மரத்துப் பால் வடிந்து சேரும் மங்கு என்கிற கிண்ணத்திலிருந்து வாளிக்கு ஊற்றும்போது தெறித்த இடமெல்லாம் கறுத்து, தோல் மாதிரி இறுகியிருக்கும். அவர் போன பிறகும் அந்தச் சட்டையை நான் வெளுக்கப் போடவில்லை. வலது கைமடிப்பில்தான் கறை அதிகம். எந்தக் கையால் வேலை செய்தார் என்று சட்டையே சொல்லும்.

நீங்களும் வரையும்போது ஒரு பழைய சட்டையை மேலே போட்டுக்கொள்ளுங்க, சாயம் படட்டும். வெளியே போக உங்க சேலையையே கட்டுங்க, யாருக்காகவும் விட வேண்டாம். நிற்கிற இடமும் வெயிலும் மாறினால் படத்திலும் கொஞ்சம் மாறத்தான் செய்யும். அதற்குப் பயப்படாதீங்க.

அடுத்த ரவிக்கைத் துணியை என்னிடம் கொண்டுவாங்க. மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் உடையில் அக்குளுக்கு ஒரு சதுரத் துண்டு வைப்பார்கள், கெக்கெக் என்று பேர். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா சொல்லிக்கொடுத்தது. உங்க ரவிக்கையிலும் அதை வைத்துத் தருகிறேன். தூரிகையோடு கையை உயரத் தூக்கினாலும் இழுக்காது.