நாயகி இன்னொரு பெண்ணை விரும்பினால்

கேள்வி: ரென்பை மென்பொருளில் ஒரு சிறிய கதை விளையாட்டுச் செய்கிறேன். நாயகி இன்னொரு பெண்ணை விரும்புகிறாள். அதை எங்கே, எப்படிச் சொல்வது? தமிழ் எழுத்தும் உடைகிறது.
– வாசகி, பரந்தன்

பதில்: "நான் தன்பாலீர்ப்புள்ளவள்" என்று முதற்காட்சியிலேயே பேசவைக்காதீர்கள். முதலில் அவளுக்கொரு வேலை கொடுங்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வயலுக்கு வருகிற இரவு, வரம்பை வெட்டவேண்டும். தோழி ரோச் பிடிக்கிறாள். வேலை முடிந்தும் வெளிச்சம் இவள் முகத்திலேயே நிற்கிறது. அவ்வளவு போதும். 2020இல் வெளிவந்த 'டெல் மீ வை' விளையாட்டின் இரட்டையரில் ஒருவரான டைலர் ஒரு திருநம்பி. கதையை நகர்த்துவதோ தாயின் மரணம் பற்றி அந்த இரட்டையருக்குள் ஒத்துப்போகாத நினைவுகள்.

தெரிவுகளில்தான் பலர் சறுக்குகிறார்கள். காதலைச் சொன்ன பாதை மட்டும் சாவில் முடிந்தால், விளையாடுபவர் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்வார். அந்தப் பாதைக்கும் அவர்கள் சேர்ந்து வாழ்கிற முடிவொன்றைக் கட்டாயம் எழுதுங்கள்.

எழுத்து உடைவதற்குக் காரணம், ரென்பையோடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை கேம் கோப்புறையில் போட்டு, தோற்றத்தை அமைக்கும் ஜி.யு.ஐ. (gui.rpy) கோப்பில் உரை, பெயர், இடைமுகம் மூன்றுக்கும் மாற்றுங்கள். ஒன்றை விட்டாலும் அங்கே வெறும் பெட்டிகள் தெரியும். ரென்பை 8.1க்கு முந்திய பதிப்பில் 'கொ'வின் கொம்பு இடம்மாறி நிற்கும். புதிய பதிப்பை இறக்குங்கள்.