ஒத்திவைப்பும் முடித்துவைப்பும்

கேள்வி: மழையால் பள்ளி விளையாட்டு விழா தள்ளிப்போனதை என் மகள் ஆங்கிலக் கட்டுரையில் 'புரோரோக்' என்ற வினைச்சொல்லால் எழுதினாள். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். அகராதியில் 'ஒத்திவை' என்ற பொருள் இருக்கிறதே! பள்ளியில் முறையிடலாமா?
- ஒரு வாசகர், ஈசூன்

பதில்: வேண்டாம். ஆசிரியர் செய்ததுதான் சரி.

ஷேக்ஸ்பியர் காலத்தில் 'புரோரோக்' என்ற சொல்லுக்குப் பொதுவாகத் தள்ளிப்போடுவது என்ற பொருளும் இருந்தது. ரோமியோ தன் சாவு தள்ளிப்போவதை அச்சொல்லால்தான் சொல்கிறான். அகராதியில் நீங்கள் கண்டது அந்தப் பழைய பொருள். இன்று நாடாளுமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைப்பதற்குத்தான் அச்சொல் வழங்குகிறது. மழைக்கு அந்த அதிகாரம் கிடையாது. கட்டுரைக்கு மிடுக்கு சேர்க்க அரிய சொற்களைத் தேடிப் பிடிக்கும் பழக்கத்தைப் பெற்றோர் ஊக்குவிக்காதீர்கள். பிள்ளையின் மொழி அதனால் கெடுகிறது.

ஓர் அமர்வை நிறுத்தி இன்னொரு நாள் தொடர்வது ஒத்திவைப்பு. தொடரையே முடித்து, உறுப்பினர்களின் பதவியை மட்டும் விட்டுவைப்பது முடித்துவைப்பு. பதவியும் போய்த் தேர்தல் வந்தால் அது கலைப்பு. 2023 மார்ச் 24ஆம் தேதி சிங்கப்பூர் நாடாளுமன்றத்தின் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டது. ஏப்ரல் 10ஆம் தேதி அதிபர் ஹலிமா யாக்கோப்பின் உரையுடன் அடுத்த தொடர் தொடங்கியது. நடுவே தேர்தல் நடக்கவில்லை.

முடிவெடுப்பது யார் என்பதில்தான் பெரிய வேறுபாடு. பிரிட்டனில் ஒத்திவைப்பை அவையே தீர்மானிக்கும். முடித்துவைப்பதோ பிரதமரின் ஆலோசனைப்படி முடியரசு செய்வது. அவையிடம் ஒப்புதல் கேட்பதில்லை. 2019இல் பிரெக்ஸிட் கெடு, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதற்கான கெடு, நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சனின் ஆலோசனைப்படி ஐந்து வாரங்களுக்கு நாடாளுமன்றத்தை முடக்கினார்கள். அது சட்டவிரோதம், செல்லாது என்று செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதை வெறும் 'ஒத்திவைப்பு' என்று மொழிபெயர்த்தால், அவையின் வாயை வெளியிலிருந்து ஒருவர் அடைத்தார் என்ற செய்தியே வாசகருக்குப் போய்ச் சேராது.

தமிழில் சொல் இல்லை என்றும் சாக்குச் சொல்ல முடியாது. ஆளுநர் ஆணையிட்டதும் 'சட்டப்பேரவைக் கூட்டத்தொடர் முடித்துவைப்பு' என்று தமிழ்நாட்டு நாளிதழ்கள் தெளிவாக எழுதுகின்றன. எங்கள் பக்கங்களில் இந்த இரண்டும் குழம்பியிருக்கக் கண்டால், இதழின் தேதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடுகிறோம்.